வட சென்னையிலிருந்து குடியம் மலைக்கு அரைநாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்து நண்பர்களையும் உறவினர்களையும் சில ஆண்டுகளாகச் சிறு சிறு குழுக்களாகத் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகளுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். மின்சார ரயில், பேருந்து, ஷேர் ஆட்டோ ஆகிய மூன்றை மட்டுமே நம்பிச் செய்யும் பயணம் இது. பூண்டி, குடியம் என்னும் இரண்டு ஊர்களையும், அவற்றை அடுத்துள்ள அல்லிக்குழி மலையையும் அரைநாளில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வட சென்னைக்காரர்களுக்கு மலை எதற்கு? நமக்கும் அந்த இடத்துக்கும் என்ன தொடர்பு?

எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறதே கொசஸ்தலையாறு, அதுதான் தொடர்பு. நம் பக்கத்தில் அந்த ஆற்றைப் பார்ப்பவர்களுக்கு அனல் மின் நிலையத்தின் சாம்பல் படிந்த சேறும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தின்போது எண்ணெய்ப் படலம் பூசிக்கொண்ட வலைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அதே ஆறு மேற்கே பூண்டியில் ஒரு பெரிய ஏரியாகத் தேங்கி நிற்கிறது. அந்த ஏரிக்கு வடக்கே தாழ்வான, முட்புதர் அடர்ந்த ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் ஓடைகள் ஆற்றுக்கு நீர் சேர்க்கின்றன. மழைக்காலத்தில் பூண்டி மதகுகளைத் திறக்கும்போது வெளியாகும் வெள்ள எச்சரிக்கை அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஆட்ரம்பாக்கம், ஒதப்பை என்று தொடங்கும் ஊர்ப் பட்டியல், மணலி புதுநகர், சடையான்குப்பம், எண்ணூர் என்று முடியும். ஆண்டுதோறும் நாம் கேட்கும் அந்தப் பட்டியலைக் கடைசி ஊரிலிருந்து முதல் ஊர் நோக்கிப் பின்னோக்கிப் படிப்பதுதான் இந்தப் பயணம் என்று நான் சொல்வது வழக்கம். ஆற்றின் கடைப்பகுதியில் வாழ்கிறவர்கள் அதன் மேல்பகுதியை ஒரு முறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காலையில் எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்?

உங்கள் வீடு எந்தப் பாதையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்கள் சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து அந்த வழியாகத் திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் செல்லும் மின்சார ரயில் அந்த நேரத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் எங்கும் மாற வேண்டியதில்லை. எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை பகுதியினர் சென்ட்ரல் நோக்கி வரும் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அங்கே மேற்குப் பாதை ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். வியாசர்பாடி, பெரம்பூர், வில்லிவாக்கம்காரர்களுக்கு வீட்டு வாசலிலேயே ரயில். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் 42 கிலோமீட்டர். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்களின் எண்ணிக்கை குறைவு என்பதை மறந்துவிட வேண்டாம். வாரநாள் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஞாயிறு காலையில் நடைமேடையில் முக்கால் மணி நேரம் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. முதல் நாள் இரவே அந்தக் கிழமைக்குரிய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு முன்பே புறப்படும் ரயிலைப் பிடிப்பதே நல்லது. ஒன்பது மணிக்கு மேல் அந்த மலையின் வெயில் இரக்கம் காட்டாது.

போகும் வழியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், நாம் செல்லும் இதே திருவள்ளூர்த் தடத்தில்தான் ஓடியது. ராயபுரம் நிலையத்தின் தூண்களைக் கடந்து செல்லும்போது உடன் வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

திருவள்ளூரில் இறங்கியபின் குடியம் வரை எப்படிப் போவது?

ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோக்கள் ஓடுகின்றன. பேருந்து நிலையத்தில் பூண்டி வழியாக ஊத்துக்கோட்டை செல்லும் பேருந்தைக் கேட்டு ஏறுங்கள். பூண்டி அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். குடியம் ஊருக்குள்ளேயே செல்லும் பேருந்துகள் மிகச் சில. அவற்றின் நேரத்தை நடத்துநரிடமோ நேரக் காப்பாளரிடமோ நேரில் கேட்டு அறிவதுதான் நம்பகமானது. அந்தப் பேருந்து கிடைக்காத நாளில் பூண்டியில் இறங்கி, நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் ஆட்டோ பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். ஆட்டோ ஓட்டுநரிடம் போவதற்கான கூலியை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்பி வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் அப்போதே பேசி, அவருடைய கைபேசி எண்ணை இருவராவது குறித்துக்கொள்ளுங்கள். மலைப்பக்கம் போனால் கைபேசித் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

அனுமதி வாங்க வேண்டுமா? யாரும் கேட்பதில்லை என்கிறார்களே?

வாங்கத்தான் வேண்டும். குகைகள் இருப்பது காப்புக்காட்டுக்குள். அனுமதியின்றி நுழைவது வனச் சட்டப்படி குற்றம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் குடியம் குகைத் தடமும் ஒன்று. எளிய தடம் என்று அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். கட்டணமும் குழு கூடும் நேரமும் அந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ரயிலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற நேரம் கிடைக்குமா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வழிகாட்டி எதற்கு, பாதைதான் தெரிகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் காட்டில் ஆடு மாடு போன தடம், விறகு வெட்டியவர்கள் போன தடம், மழை நீர் போன தடம் எல்லாம் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். எல்லாவற்றையும்விட, அந்த மலையைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த ஒருவர் காட்டிக் கொடுக்கும்போது தெரியும் மலை வேறு. நாமாகப் பார்க்கும் மலை வேறு.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? முட்டி வலி உள்ளவர்கள் வரலாமா?

ஊரிலிருந்து குகை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். போய் வர எட்டு. இடையில் உட்கார்ந்து, பார்த்து, இளைப்பாறி வர நான்கு மணி நேரம் ஒதுக்கினால் போதும். படிக்கட்டு ஏறுவது போன்ற செங்குத்தான ஏற்றம் பெரும்பாலும் இல்லை. ஆனால் பாதை முழுவதும் உருண்டைக் கற்கள். முட்டியைவிடக் கணுக்காலுக்குத்தான் சோதனை. ஏறும்போது தெரியாது, இறங்கும்போது ஒவ்வொரு கல்லும் காலுக்கடியில் உருளும். தினமும் கடற்கரையிலோ பூங்காவிலோ ஒரு மணி நேரம் நடக்கிறவர் என்றால் அறுபது வயதிலும் தாராளமாக வரலாம். என்னுடன் வந்த அக்கா ஒருவர், மூங்கில் கழியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும்விட நிதானமாக நடந்து முடித்தார். நடந்தே பழக்கமில்லாதவர்கள், முட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நெஞ்சுவலிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வர வேண்டாம். அவர்கள் பூண்டியில் இறங்கிக் காத்திருந்தாலும் பார்ப்பதற்கு நிறைய உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். சிறுவர்களைப் பதிவு செய்யும்போது பெற்றோர் ஒப்புதல் கேட்பார்கள்.

என்ன கொண்டு வர வேண்டும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள காலணி, முழுக்கை சட்டை, தொப்பி அல்லது துண்டு. செருப்புடன் வராதீர்கள். வழியில் கடை எதுவும் கிடையாது. கொண்டுவரும் பொட்டலக் காகிதத்தைத் திருப்பி எடுத்துப்போக ஒரு பை.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

திருவள்ளூரில் இட்லி, பொங்கல் காலையிலேயே கிடைக்கும். மதியத்துக்கு வீட்டிலிருந்து புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொண்டு வந்து, நடை முடிந்தபின் பூண்டி ஏரிக்கரையில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்களுக்குப் பிடித்தது. குகைக்குள் சாப்பிட வேண்டாம்.

குகையில் அப்படி என்ன இருக்கிறது? ஓவியங்கள் உண்டா?

ஓவியத்தைத் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. இருட்டில் குனிந்து நுழையும் குகையும் அல்ல இது. மலை வயிற்றை யாரோ அகப்பையால் அள்ளி எடுத்தது போல உள்வாங்கி, மேலே பாறை கூரையாக நீண்டு நிற்கும் இடம். தொல்லியலில் இதைப் பாறை ஒதுக்கிடம் என்பார்கள். நூறு பேர் நின்றாலும் நெருக்கடி தெரியாத அகலம் அதற்கு உண்டு. மழையும் வெயிலும் உள்ளே வராது; காற்று மட்டும் வரும். உள்ளே ஊர் மக்கள் வழிபடும் அம்மன் இருக்கிறாள். மஞ்சளும் குங்குமமும் பூசிய கற்களைப் பார்க்கலாம். காலணியை வெளியே விடுங்கள்.

சுவருக்கு மிக அருகில் சென்று பாருங்கள். அந்தப் பாறை ஒரே கல்லால் ஆனதல்ல. கைப்பிடி அளவிலும் தேங்காய் அளவிலும் வழவழப்பான உருண்டைக் கற்கள், கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல, செம்மண் நிறச் சாந்தில் நெருக்கமாகப் பதிந்திருக்கும். சில இடங்களில் கல் உதிர்ந்துபோய், அது இருந்த குழி மட்டும் ஓர் உள்ளங்கை போல இருக்கும். நான் முதல் முறை அந்தக் குழி ஒன்றில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு வழவழப்பு. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் நீர் உருட்டிக் கொண்டுவந்து குவித்த கற்கள் அவை. பெரும்பாலும் குவார்ட்சைட் எனப்படும் படிகக் கல் வகை. அடித்தால் கூர்மையான விளிம்போடு உடையும் தன்மை அந்தக் கல்லுக்கு உண்டு.

அந்தத் தன்மைதான் இந்த மலையின் வரலாறு. கல்லை உடைத்துக் கருவி செய்யத் தெரிந்த ஆதி மனிதர்களுக்கு இந்த மலை வற்றாத கற்கிடங்காக இருந்தது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கால மனிதர் செய்த கருவி ஒன்றைக் கண்டெடுத்தார் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் புவியியலாளர். இந்தியாவில் கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்னும் சக ஆய்வாளருடன் இந்தப் பக்கம் வந்து, குடியத்துக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் ஓடைக்கரையில் ஏராளமான கைக்கோடரிகளை, அதாவது கையில் பிடித்துப் பயன்படுத்தச் செதுக்கிய கற்கருவிகளை, அவர்கள் கண்டார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1960-களின் முற்பகுதியில், இந்தியத் தொல்லியல் துறை குடியம் குகையிலேயே அகழாய்வு நடத்தியது. நிலைத்து வாழ்ந்த குடியிருப்பாக இல்லாமல், மனிதர்கள் வந்து தங்கிப்போன இடமாக இது இருந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வின் போக்கு. மழைக்கு ஒதுங்கிய மனிதர்களாக இருக்கலாம். நாமும் அங்கே ஒதுங்கத்தான் செய்கிறோம்.

அத்திரம்பாக்கத்தில் பின்னர் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் நடத்திய நீண்ட அகழாய்வின் முடிவுகள் 2011-இல் வெளியானபோது, அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று தெரியவந்தது. 2018-இல் வெளியான அடுத்த முடிவு, கைக்கோடரியை விட்டுச் சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறிய காலத்தை 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று வைத்தது. ரயில் கட்டணத்தில் போய்ச் சேரும் தொலைவில் இப்படி ஓர் இடம் இருப்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

தேனீக்கள் கொட்டும் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மைதான், இந்தப் பயணத்தில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது அது ஒன்றைத்தான். குகையின் கூரையில் மலைத்தேனீக்களின் அடைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் முறம் அளவு இருக்கும். கீழிருந்து பார்த்தால் கறுத்த பாறைத் துண்டு போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் அதன் மேற்பரப்பு அலை அலையாக அசைவது தெரியும். அத்தர், சென்ட் பூசிக்கொண்டு வரக் கூடாது. கற்பூரம், ஊதுபத்தி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. எதிரொலி கேட்கக் கத்திப் பார்ப்பது பெருந்தவறு. கேமராவின் ஒளியை மேல்நோக்கிப் பாய்ச்ச வேண்டாம்.

ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவருடைய கைபேசி, சரியாக அந்த அடைகளுக்குக் கீழே நின்றபோது, முழுச் சத்தத்தில் ஒலித்தது. அவர் பதற்றத்தில் சட்டைப் பைக்கும் கால்சட்டைப் பைக்குமாகக் கையை ஓட்டினார். வழிகாட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தரையை நோக்கி மெல்ல இறக்கிக் காட்டினார். நாங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். இரண்டு தேனீக்கள் இறங்கி வந்து, பக்கத்தில் இருந்த தம்பியின் முழங்கையில் சற்று நேரம் நடந்துவிட்டுப் பறந்து போயின. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து, குகைக்கு நூறு அடி முன்பே எல்லோருடைய கைபேசியையும் அணைக்கச் சொல்லி நானே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். தேனீக் கொட்டினால் உடல் வீங்கி மூச்சுத் திணறும் ஒவ்வாமை உள்ளவர்கள் குகைக்கு வரவே வேண்டாம்.

வழியில் கிடக்கும் கூர்மையான கல்லை நினைவுக்காக எடுத்து வரலாமா?

கூடாது. ஒரு சிறு கல்கூட வேண்டாம். தொல்பொருள்களை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி தண்டனைக்குரியவை என்பது ஒரு காரணம். என்னைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் வேறு. ஒரு கல் கிடக்கும் இடமும், அது எந்த மண் அடுக்கில் கிடக்கிறது என்பதும், பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதும் சேர்ந்துதான் அதன் வயதைச் சொல்கின்றன. எடுத்துவந்து வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்த அந்தக் கணத்தில் அது வாயடைத்துப்போன வெறுங்கல். கைக்கோடரிகளை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஃபூட் சேகரித்தவற்றை 1904-இல் அரசு வாங்கி அங்கே சேர்த்தது. பிள்ளைகளை முதலில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டுப் பிறகு மலைக்கு அழைத்து வருவது மிகவும் நல்லது. என்ன பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு நடப்பார்கள்.

பூண்டியில் இறங்கிப் பார்க்க வேண்டியவை எவை?

ஏரி முதலில். சென்னையின் மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் கட்டத் தொடங்கி, 1944-இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் இது. திறப்பைக் காண அவர் உயிருடன் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 1996 முதல் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியே இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து இணைப்புக் கால்வாய் வழியாகப் புழல் ஏரிக்கு நீர் போகிறது. வட சென்னையில் நம் வீட்டுக் குழாயில் வரும் நீரில் ஒரு பங்கு இந்த ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கும்.

கற்காலக் கருவிகளுக்கென்று தொல்லியல் துறையின் சிறிய அகழ்வைப்பகம் ஒன்றும் பூண்டியில் உண்டு. விடுமுறை நாளா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவதாகச் சொன்னாலும், திருவொற்றியூர்க்காரர்கள் தவற விடக் கூடாதது ஊன்றீசுவரர் கோயில். சுந்தரர் வரலாற்றை நம் ஊரில் அறியாதவர் இல்லை. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்து மணந்த சுந்தரர், திருவாரூர் நினைவு வந்து, சொன்ன சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய கணத்தில் கண் பார்வையை இழந்தார். பார்வையற்ற நிலையில் வடதிருமுல்லைவாயிலை வணங்கிவிட்டு அவர் நடந்து வந்து சேர்ந்த தலம் திருவெண்பாக்கம். அங்கேதான் இறைவன் அவருக்கு ஓர் ஊன்றுகோல் கொடுத்தார் என்பது வரலாறு. அந்தப் பழைய ஊர் நீர்த்தேக்கத்தில் மூழ்கியபோது கோயிலைப் பூண்டியில் புதிதாக எழுப்பினார்கள். கண்ணைக் கேட்டால் கோலைத் தருகிறாயே என்ற கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்ததாகச் சொல்வார்கள். இங்குள்ள நந்தியின் வலக்கொம்பு ஒடிந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். திருவொற்றியூரில் ரயில் ஏறி, திருமுல்லைவாயில் நிலையத்தைத் தாண்டி, திருவள்ளூரில் இறங்கிப் பூண்டிக்கு வரும் நாம், அவர் கோலில்லாமல் தடவித் தடவி நடந்த திசையிலேயே வருகிறோம். முன்பு சொன்னேனே மூங்கில் கழியுடன் நடந்த அக்கா, அவர் அந்த நந்தியின் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். திரும்பும்போது அந்தக் கழியைப் பேருந்தில் விட்டுவிடாமல் வீடு வரை கொண்டு வந்தார்.

அத்திரம்பாக்கத்தையும் அதே நாளில் பார்த்துவிட முடியுமா?

அரைநாளில் முடியாது. அங்கே போனாலும் ஓடையும், செம்மண் அரிப்புப் பள்ளங்களும், புதரும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆய்வுக்குரிய இடம் என்பதால் விட்டுவிடுவதே சரி.

எந்த மாதத்தில் போவது நல்லது?

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முற்பகுதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரி நிரம்பி, காடு பச்சையாக இருக்கும் காலம் அது. காரையும் களாவும் தழைத்திருக்கும். கௌதாரிகள் குரல் கொடுக்கும். அதன்பின் இலை உதிர்ந்து காட்டுத்தீ அபாயம் வரும். அந்த நாட்களில் வனத்துறை தடங்களை மூடிவிடுவது வழக்கம். சித்திரை, வைகாசியில் யார் அழைத்தாலும் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு சிக்கல் உண்டு. பூண்டியிலிருந்து உபரிநீர் அதிகமாகத் திறக்கப்படும் நாட்களில் ஒதப்பைத் தரைப்பாலம் மூழ்கி, திருவள்ளூர்–ஊத்துக்கோட்டைப் போக்குவரத்து துண்டிக்கப்பட்டது பலமுறை நடந்திருக்கிறது. எண்ணூருக்கு வெள்ள எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் குடியத்துக்குப் போவதில்லை என்பது எங்கள் விதி.

பெண்கள் மட்டும் சேர்ந்து போகலாமா?

போகலாம், போகிறார்கள். வழிகாட்டியுடன், பதிவு செய்து, ஐந்தாறு பேராகப் போங்கள். நடை தொடங்குவதற்கு முன்பே கழிப்பறைத் தேவையைத் திருவள்ளூரில் முடித்துக்கொள்வது நல்லது. மலைப்பாதையில் அந்த வசதி கிடையாது.

எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்?

காலை ஏழு, ஏழரைக்கு நடக்கத் தொடங்கினால் பதினொன்றரைக்குள் குடியம் ஊருக்குத் திரும்பிவிடலாம். பூண்டியில் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். அது திறந்திருக்கும் நேரத்தை முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் நடை சாத்தியிருந்தால் வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். நந்தியைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் காலையில் போகும்போதே அரை மணி நேரம் இறங்கிப் பார்த்துவிடுவதும் உண்டு. இரண்டு மணிக்குள் திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டால் இருக்கை கிடைக்கும்.

கடைசியாகச் சென்ற பயணத்தில், பிரியும்போது வழிகாட்டி எங்களிடம் எந்த ஊர் என்று கேட்டார். எண்ணூர் என்று சொன்னதும், "அப்படியானால் பூண்டியைத் திறக்கும்போது இந்த மலைத் தண்ணீரும் உங்கள் ஊருக்குத்தான் வருகிறது" என்றார். எங்களுடன் வந்திருந்த நெட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், வாழ்நாள் முழுவதும் முகத்துவாரத்தில் இறால் பிடித்தவர், ஏரிக்கரைப் படியில் இறங்கி இரண்டு கைகளாலும் அந்த நீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். உப்பில்லாமல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். படிகளில் பாசி இருக்கும். நீரில் இறங்குவதற்குத் தடையும் உண்டு. கரையில் நின்றபடியே கையை நனைத்துக்கொள்ளுங்கள்.